பாதியில் கட் ஆகும் சிம்

"உருளைக்கிழங்கோட சேர்த்து சூப்பர் மார்க்கெட்ல விக்கிற சிம்மு! மகளோட பேசினா பாதியிலயே கட் ஆயிடுது," என்று டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரச் செல்போன் கடையில் மூதாட்டி போடில் உதட்டைச் சுழித்தாள். "அதை அவளுக்கு வாங்கிக் குடுத்தது என் மாப்பிள்ளையோட கஞ்சத்தனம். அவளுக்கு உங்க கம்பெனி சிம் ஒண்ணு குடும்மா."

ஒரு சிம்மை எடுத்த கடைப் பெண் தயங்கினாள். "அந்த சூப்பர் மார்க்கெட் சிம்மும் எங்க டவர்லதாங்க ஓடுது. நானே அதைத்தான் வெச்சிருக்கேன். கட் ஆகாதே!"

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"ஐயோ, இல்லைங்க. எப்பெப்போ கட் ஆகுது?"

"அவ புருஷன் லட்சணத்தைப் பத்தி நான் வாயைத் திறந்தாப் போதும், உடனே..."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது போடிலுக்கே கேட்டது.

கடைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எடுத்த சிம்மை மெல்ல மேசை இழுப்பறைக்குள் திரும்ப வைத்தாள்.