ஒரு ஸ்பூன் சோடா உப்பு

"ஓடறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் சோடா உப்பு தண்ணில கலக்கி குடிச்சா காலு எரியாதாம்மா, மூச்சும் வாங்காதாம். டிரில் மாஸ்டர் சொன்னாரு. அளவு கூடப் போச்சின்னா வயித்தால பூடுமாம்," என்றான் மாசிலாமணி.

காஞ்சிபுரத்தில் அன்று பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு மைல் ஓட வேண்டும்.

அம்மா பொன்னியம்மாள் பாட்டிலில் கலக்கிக் கொடுத்தாள். மானாம்பதியிலிருந்து முதல் பஸ்ஸில் போனான். பக்கத்து வீட்டு ஏழுமலையும் கூடப் போனான்.

சாயங்காலம் மாசிலாமணி சிரித்துக்கொண்டே வந்தான்.

"எடுத்துக்கினாங்கம்மா. ஓட்டத்துல நான்தான் ஃபர்ஸ்ட்டு."

"வயிறு இன்னாவாது பண்ணிச்சா?"

"ஒண்ணும் பண்ணல. ஏழுமல வெறுங்கையோட வந்தான், பாவமா இருந்திச்சி. பாட்டில்ல பாதி அவனுக்குக் குடுத்தேன். அவனும் பாஸு."

ஏழுமலையின் அம்மா கோவிந்தம்மாள் சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்தாள்.

"உன் கையால கலக்குன தண்ணிதான்க்கா என் ஒத்தப் புள்ளைக்கு ஒரு வழி காட்டிச்சி."

பொன்னியம்மாள் கொஞ்சம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். தித்திப்பு தெரியவில்லை.

"அம்மா, அண்ணன் பெட்டிய நான் எடுத்துக்கினு போவட்டா?"

எழுபத்தொன்றாம் வருஷச் சண்டைக்குப் போன பெரியவனுக்குப் பதிலாக அந்த டிரங்குப் பெட்டிதான் வீடு வந்து சேர்ந்தது.

"எடுத்துக்கோ," என்றாள்.

உள்ளே போய் சோடா உப்பு டப்பாவை மூடினாள். சின்னவன் பாதி ஓட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடட்டும் என்று, காலையில் அவள் இரண்டு ஸ்பூன் போட்டிருந்தாள்.

ஆளுக்கு ஒன்றாகிவிட்டது.