பதிமூன்றாவது ஆள்

“சன்ஹா, நீ ஃபிசிக்ஸ்ல கடைசி ரேங்க் எடுக்கணும்டா. எனக்காக.”

மேஜையில் கவிழ்ந்திருந்த தலை மெல்ல நிமிர்ந்தது. கன்னத்தில் ஸ்வெட்டர் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. எதிரே, வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் நாரே மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இதுக்குப் போய் எழுப்புவாங்களா? நான் தூங்கினாலே கடைசிதானே வருவேன்.”

“சும்மா தூங்கினா வராது. முதல்ல அந்தப் பாடத்துல பேர் குடுக்கணும். இன்னிக்கு சாயந்திரத்தோட முடியுது.”

கடலோரத்துச் சின்ன ஊரின் ஒரே உயர்நிலைப் பள்ளி அது. மார்ச்சில் தொடங்கும் அடுத்த ஆண்டுக்கான பாடங்களை, டிசம்பருக்குள் மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். இயற்பியலுக்கு இதுவரை பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள்.

“நூத்துல நாலு பேருக்குத்தான்டா முதல் தரம். பன்னெண்டு பேர் இருந்தா, நான் முழு மார்க் எடுத்தாலும் ரெண்டாம் தரம்தான். பதிமூணு பேர் ஆனாத்தான் கணக்கு அரையைத் தாண்டும், ஒருத்தருக்காவது முதல் தரம் குடுப்பாங்க. எனக்கு புசான் யுனிவர்சிட்டில சீட் வேணும்.”

“வேற ஆளே கிடைக்கலையா?”

“எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். தரம் இறங்கிடும்னு பயப்படறாங்க. உனக்குத்தான் இறங்க இடமே இல்லையே!”

சன்ஹா வாய்விட்டுச் சிரித்தான். சின்னப் பள்ளிகளில் இது நடப்பதுதான். கெட்டிக்காரர்கள் மேலே நிற்க வேண்டுமானால் கீழே யாராவது கிடக்க வேண்டுமே. அதற்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர், பாய் விரிப்பது.

“ஆக, நான்தான் பாய்.”

“தங்கமான பாய்! ஜஜாங் நூடுல்ஸ் வாங்கித் தரேன்.”

“பெரிய தட்டு?”

“பெரிய தட்டு. பொரிச்ச டம்ப்ளிங்கும் சேர்த்து.”

அவன் கைபேசியை எடுத்து, பள்ளியின் இணையப் பக்கத்தில் தன் பெயரைப் பதிந்தான். நாரே அதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் மூச்சு விட்டாள்.

விடியுமுன் அப்பாவோடு படகில் போய்க் கடற்பாசி அறுத்துவிட்டு வருகிறவன் சன்ஹா. வகுப்புக்கு வந்தால் படுத்துவிடுவான். எழுப்பி எழுப்பிச் சலித்துப்போன ஆசிரியர்கள், போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். விழித்திருக்கும் கொஞ்ச நேரத்தில் மேஜை மூலையில் கப்பல் இஞ்சின் ஒன்றை வரைவான். சாயந்திரம் பிள்ளைகள் சேர்ந்து வகுப்பறையைக் கூட்டித் துடைக்கும்போது அவனே அதை அழித்தும்விடுவான்.

“இன்னொரு விஷயம்,” என்றாள் நாரே. “வெறும் தாளைக் குடுத்துத் தொலைக்காதே. பாய் விரிக்கிறோம்னு ஃபிசிக்ஸ் எடுக்கற ஓக் சார் கண்டுபிடிச்சிடுவார். மதியம் சாப்பிட்டதும் நான் கொஞ்சம் சொல்லித் தரேன்.”

“கடைசியா வரதுக்கு டியூஷனா?”

“நம்பற மாதிரி கடைசியா வரணும்ல?”

மார்ச்சில் வகுப்பு தொடங்கியது. தினமும் மதியம், சோற்றுத் தட்டைக் கழுவி வைத்த கையோடு நாரே வந்து உட்கார்ந்துவிடுவாள். திட்டுவாள், பேனாவால் அவன் விரலில் தட்டுவாள், மறுபடி முதலிலிருந்து சொல்லித் தருவாள். பாய்க்கு இவ்வளவு பாடா என்று அவன் முனகுவான். ஒரு நாள் வகுப்பின் நடுவே சன்ஹா கையைத் தூக்கி, “சார், அந்த விசை ஏன் எதிர்ப்பக்கம் போகுது?” என்று கேட்டான். ஓக் சார் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது. நாரே மட்டும் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

ஜூலையில் தேர்வு முடிவு வந்தது. வெளியே மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்தது. மற்றவர்கள் கிளம்பிய பிறகு, சன்ஹா பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு நாரே முன் வந்து நின்றான்.

“மன்னிச்சிடு நாரே. எவ்வளவோ முயற்சி பண்ணினேன், கடைசியா வர முடியலை. அறுபத்தெட்டு வந்துடுச்சு. உன் முதல் தரத்துக்கு ஒண்ணும் ஆகாதே?”

ஆய்வுக்கூடக் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த ஓக் சார் நிமிர்ந்தார்.

“என்னடா முதல் தரம், ரெண்டாம் தரம்? இந்தப் பாடத்துக்கு ரேங்க்கே கிடையாதே! எண்பது வந்தா ஏ, அறுபது வந்தா பி. மூணு பேர் படிச்சாலும் அதேதான், முந்நூறு பேர் படிச்சாலும் அதேதான். உனக்கு பி. ரொம்ப நல்லா பண்ணியிருக்கே.” பிறகு நாரே பக்கம் திரும்பினார். “ஏம்மா, போன நவம்பர்ல போர்டுல எழுதி, மொத்த வகுப்புக்கும் இதை விளக்கினதே நீதானே?”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். நாரேயின் முகம் மிளகாய்த்தூள் மாதிரிச் சிவந்துவிட்டது.

“பொய்தான் சொன்னேன்,” என்றாள். “படிடான்னு சொன்னா நீ படிச்சிருப்பியா? கப்பல் இஞ்சின் படிக்கப் போறேன்னு முதல் வருஷம் அவ்வளவு பெருமையா சொன்னே. ஃபிசிக்ஸ் படிக்காம எந்தக் காலேஜ்ல உன்னைச் சேர்த்துப்பாங்க? தூங்கியே எல்லாத்தையும் கோட்டை விட்டுடுவியோன்னு எனக்குப் பயமா இருந்துச்சுடா. கோபமா?”

சன்ஹா பையை எடுத்து நிதானமாகத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“நவம்பர்ல நீ போர்டுல விளக்கினப்போ நான் எங்கே இருந்தேன்?”

“கடைசி வரிசையில தூங்கிட்டிருந்தே.”

“தலையைத்தான் கவுத்திருந்தேன்,” என்று சிரித்தான் சன்ஹா. “காது முழிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு.”