கடைசிப் பொத்தான்

"மேடம், கையெழுத்துப் போட இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நாலாவது தடவையாகக் கேட்டான் புரோகிராமர்.

மேடம் என்ற சொல்லை அவன் துப்பத்தான் செய்தான்.

எதிரே இருந்த சோதனையாளர் செயலியைச் சோதித்துக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். இடது கையில் போன், வலது கை விரல் திரைமேல். விரல் பட்ட இடத்தையெல்லாம் போன் வாசித்துக் காட்டியது.

அந்த வேகம் இருக்கிறதே! தகர டப்பாவில் கடுகைக் கொட்டியது போல. அவள் காது அதற்குப் பழகியது. மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

அவன் எழுந்து அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிக் காட்டினான். பக்கத்தில் இருந்த டிசைனர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஓர் ஆஸ்பத்திரிக்கான செயலி அது. டோக்கன் போடலாம், ரிப்போர்ட் பார்க்கலாம், ஆம்புலன்ஸ் கூப்பிடலாம். பார்வையில்லாதவர்களும் பயன்படுத்தலாம் என்று இவள் கையெழுத்துப் போட்டால்தான் ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டால் அவன் டீம் லீடர்.

மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டாள். ஆபீசில் அவளுக்கு 'ரிஜெக்ட் ராணி' என்று பேர் வைத்தவனே அவன்தான்.

அவனுக்கு இதெல்லாம் வெட்டி வேலை. ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும், திரையில் தெரியாத ஒரு பெட்டியில், போன் வாசிப்பதற்காக ஒரு பேர் எழுத வேண்டும்; கடைசியில் 'பொத்தான்' என்று போனே சேர்த்துக்கொள்ளும். நாற்பது பொத்தான், நாற்பது பேர். எந்தக் கண்ணும் பார்க்கப்போகாத எழுத்து. பெட்டி காலியாக இருந்தால் சரிபார்க்கும் கருவி சிவப்பு காட்டும். நிரம்பியிருந்தால் பச்சை.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே நாளில் நாற்பதையும் நிரப்பினான். எல்லாம் பச்சை. நூற்றுக்கு நூறு.

இருந்தும் மூன்று தடவையும் அவளிடமிருந்து ஒரே வரி: 'முகப்பில் கடைசிப் பொத்தானின் பெயரை நீங்களே ஒருமுறை காதால் கேட்டு மாற்றவும்.'

காதால் கேட்க வேண்டுமாம்! இவனுக்கென்ன, கண் இல்லையா?

மூன்று தடவையும் அவன் அனுப்பிய பதிலும் ஒரே வரிதான்: 'பெயர் இருக்கிறது. பச்சை காட்டுகிறது.'

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவளிடம் பேசி என்ன ஆகப்போகிறது?

கதவு திறந்தது. எம்.டி. வந்தார். அவள்தான் வரச்சொன்னாளாம். வரட்டும், இவள் அழிச்சாட்டியத்தை அவரும் பார்க்கட்டும் என்று நினைத்தான்.

"சார், மூணு மாசமா அரைச்ச மாவையே அரைக்கிறாங்க. ஒரு பொத்தான், சார். ஒரே ஒரு பொத்தான்!"

அவள் விரல் திரையின் அடியில் அந்தப் பொத்தான்மேல்தான் நின்றிருந்தது. சிவப்பு வட்டம், நடுவில் ஆம்புலன்ஸ் படம். பச்சைக் குழந்தைக்குக்கூடப் பார்த்தவுடன் புரியும்.

போன் கடகடவென்று எதையோ கொட்டியது.

"பாத்தீங்களா சார், பேசுது!" என்றான்.

அவள் முதல்முறையாக அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவளுக்குக் கோபம். அதை அவள் மறைக்கவில்லை.

"மூணு தடவையும் உங்களுக்கு மட்டும்தான் சார் அனுப்பினேன். நீங்க கேக்கல. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஆம்புலன்ஸைத் தேடுறவங்க காதுல என்ன விழும்னு இப்ப எல்லாரும் கேளுங்க. உங்களுக்குப் புரியிற வேகத்துல வைக்கிறேன்."

வேகத்தைக் குறைத்தாள்.

நாற்பதாவது பெட்டிக்கு வந்து சேர்ந்த அந்தச் சாயங்காலம் ஏனோ அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அலுப்பும் ஆத்திரமுமாக ஒரு வரியைத் தட்டிவிட்டு, பை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தான்.

போனைப் பிடுங்கக் கையை நீட்டினான். அவள் விரல் முந்திக்கொண்டது.

போனுக்குள் இருந்த பெண் குரல் நிறுத்தி, நிதானமாக, மரியாதையாக வாசித்தது:

"குருட்டு ஜென்மங்களுக்கு இதெல்லாம் ஒரு கேடா. பொத்தான்."

டிசைனர் சிரிக்கவில்லை. எம்.டி. அவனைப் பார்த்தார். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, எல்லாப் பொத்தானுக்கும் சொல்வதை அந்தக் குரல் இதற்கும் சொன்னது:

"இயக்க, இருமுறை தட்டவும்."