லவீனியத்துப் பொம்மைகள்

ராஸ் அல் கைமா செராமிக் தொழிற்சாலையில் வாசு மூன்றாவது முறையாக அந்தப் பெட்டியைக் கட்டினான். உள்ளே அவன் வார்த்துச் சுட்ட இரண்டு மண்பொம்மைகள். லவீனியம் என்ற பழைய லத்தீன் ஊரின் வீட்டுத் தெய்வங்கள். பர் துபாய் கண்காட்சிக்கான நகல்கள். முந்தைய இரண்டு முறையும் பெட்டி சீல் உடையாமல் காலியாகப் போய்ச் சேர்ந்தது. பொம்மைகள் மறுநாள் காலையில் அவன் அலமாரியில் நின்றன.

"இது போய்ச் சேராம உனக்கு லீவ் மாஃபி, கிடையவே கிடையாது" என்றார் சூப்பர்வைசர் விஜயபாஸ்கர்.

"நீங்கதானேண்ணே சீல் வெச்சீங்க! நாளான்னைக்குத் தங்கச்சி கல்யாணம்ணே."

கண்காட்சிக் கையேட்டில் ஒரு கதை இருந்தது. லவீனியத்துத் தெய்வங்களைப் புது ஊருக்குக் கொண்டுபோனார்களாம். இரண்டு முறையும் அவை தாமாகவே திரும்பிவிட்டன. கடைசியில், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆட்களைப் பழைய ஊருக்கே அனுப்பிக் குடிவைத்தார்கள்.

மறுநாள் மூன்றாவது பெட்டியும் காலி என்று போன் வந்தது.

"கலாஸ், ஆர்டரே கேன்சல். நீ ஊருக்குக் கிளம்புய்யா, சனியன் விட்டுது" என்றார் விஜயபாஸ்கர்.

வாசு கேம்ப் ரூமுக்கு ஓடினான். சூட்கேஸின் பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே தங்கச்சியின் பட்டுப்புடவை இருந்தது. பாஸ்போர்ட் மட்டும் இல்லை.

தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தான். அலமாரியில் பொம்மைகள் இரண்டும் சற்று விலகி நின்றன. நடுவில் அவனுடைய பாஸ்போர்ட் இருந்தது.