முன்வரிசையில் ஒரு கை

கச்சேரிக்கு வந்தவர்களில் என் கணவரைத்தான் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எங்கள் காலனிப் பெண்கள் சேர்ந்து மேடையில் கீர்த்தனைகள் பாடிக்கொண்டிருந்தோம். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. "உங்க வீட்டுக்காரர் அசல் ரசிகர்ங்க" என்று பக்கத்தில் இருந்த மங்கையர்க்கரசி இரண்டு பாட்டுக்கு நடுவில் என் காதில் சொன்னாள். தலையாட்டி வைத்தேன். அந்தக் கை இப்போதெல்லாம் தூக்கத்தில் மட்டும்தான் ஓய்கிறது என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்து கைதட்டலும் அடங்கியது. அவர் கை அடங்கவில்லை. மிருதங்கக்காரர் அதைக் கவனித்துவிட்டார். "ஐயா மேல்காலத்துல கேக்கறாரு!" என்று மைக்கில் சிரித்துவிட்டு, அந்தக் கையின் வேகத்துக்கே வாசிக்க ஆரம்பித்தார். என் கணவர் இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்தார். இரண்டும் சேர்ந்து ஆடின. "பலே!" என்றார் யாரோ. பின்னாலிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொடையில் தட்டத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க அவர் கையைப் பார்த்துத் தாளம் போட்டது.

அவர் என்னைப் பார்த்தார். வீட்டில் டம்ளர் நழுவி விழுந்ததும் பார்ப்பாரே, அதே பார்வை.

மங்கையர்க்கரசி முழங்கையால் என்னை இடித்தாள். "அவருக்காக நீங்களே பல்லவிய எடுங்க."

அந்தக் கையின் ஆட்டத்துக்குள் அடங்கும் பாட்டு எதுவும் எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன்.