படிவரை வந்த பூக்கள்

அக்டோபர் மாதத்து மங்கிய மாலை வெயில். சமையலறைப் படியோரம், இன்னும் இலைகூட விடாமல், வெள்ளையாகத் தலைகுனிந்து நிற்கின்றன இலையுதிர்காலப் பனித்துளிப் பூக்கள். வினிஃப்ரெட் மண்டியிட்டுப் பார்க்கிறாள். தோட்டச் சுவருக்கு அப்பால், கணவன் எட்கரின் கல்லறைமேல் போன வருடம் அவள் நட்ட அதே வகை. இந்த ஊரில் வேறு யாரிடமும் இது கிடையாது.

“அணில் கிழங்கைத் தோண்டிட்டு வந்து புதைச்சிருக்கும்டி,” என்கிறாள் பக்கத்து வீட்டு மேவிஸ்.

“கல்லறைக்குப் போய்ப் பாத்தேன்டி. அங்க ஒரு கிழங்குகூட இல்ல. மண்ணைக் கிளறின தடமும் இல்ல.”

“அப்ப பிடுங்கி எறிஞ்சிடு.”

காற்றே இல்லை, பூக்கள் மட்டும் மெல்ல ஆடுகின்றன. வினிஃப்ரெட் எழுந்து கதவை அகலத் திறக்கிறாள்.

“உள்ள வாங்க,” என்கிறாள், மேவிஸைப் பார்க்காமல்.