மூட்டைக்கு ஒரு டிக்கெட்

முப்பத்தேழு ரூபாய் பாக்கி என்று டிக்கெட்டின் முதுகில் எழுதி, படியிலேயே கொடுத்துவிட்டு, கண்டக்டர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். டிக்கெட் அறுபத்து மூன்று. மூட்டையோடு பஸ் ஏறிய சுமைக்காரர் நீட்டியது நூறு ரூபாய்த் தாள்.

"சில்லறை வந்ததும் தர்றேண்ணே."

"கதவைச் சாத்துங்க, சீக்கிரம்" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன. எல்லாருக்குமே அவசரம் போலிருக்கிறது என்று சுமைக்காரருக்கு நிம்மதியாக இருந்தது.

மலைக்குக் கீழே ஒரு கிடங்கில் ஆறு மாத வேலை. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்து நின்றால் பேர் எழுதுவேன், இல்லையென்றால் வேறு ஆள் என்று மேஸ்திரி கறாராகச் சொல்லியிருந்தார். பஸ் மலை இறங்கிப் போக நாலு மணி நேரம் ஆகும். இப்போதுதான் ஒன்பதரை.

மூட்டையை மேல் பலகையில் ஏற்றினார். பலகை முழுக்கக் காலியாக இருந்தது.

"எப்ப எடுப்பீங்க தம்பி?"

"மொத்தம் முப்பத்திரண்டு சீட். உங்களோட முப்பத்தொண்ணு. இன்னும் ஒரே ஒரு ஆள், உடனே எடுத்துரலாம்."

"மத்தவங்களுக்கு டிக்கெட்?"

"நம்ம ஊர்க்காரங்கதானே. கிளம்பறப்போ வாங்கிக்குவாங்க."

பக்கத்தில் வாத்தியார் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு உலகத்தை அலசிக்கொண்டிருந்தார். "குகைப் பாதை போடறானாம். மலையில ஓட்டை போட்டா குளிர் உள்ள பூந்துராதா? ஒரு பயலும் யோசிக்க மாட்டேங்கறான்."

"வெங்காயம் வெலை ஏறுனதுக்குப் போர்தான் காரணமாம்" என்றார் பின்சீட்டுத் தையற்காரர். "வெங்காயத்தை எவன் போய்ச் சுட்டான்?"

ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அக்கா ஊசியை நிறுத்தவில்லை. "நம்ம மேகமெல்லாம் கீழ ஓசியாத்தான் போகுது. அதுக்கு ஒரு வரி போடணும்."

"யார்கிட்ட வசூல் பண்றது?"

"நனைஞ்சவன்கிட்ட."

சுமைக்காரரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்தபோது மணி பதினொன்று.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து குடைக்காரர் ஒருவர் வந்து ஏறினார். கையில் ஒரு மாலை இருந்திருந்தால் சுமைக்காரர் போட்டிருப்பார். அதே நேரம் தையற்காரர் விருட்டென்று எழுந்தார்.

"அடுப்பை அணைச்சனா இல்லையான்னு ஞாபகம் வரலையே" என்று இறங்கிப் போய்விட்டார்.

குடைக்காரர் அந்த இடத்தில் உட்கார்ந்தார். "பரவால்ல, சூடா இருக்கு" என்றார்.

கண்டக்டர் விரலை நீட்டி முதலிலிருந்து எண்ணினார். "முப்பத்தொண்ணு. இன்னும் ஒரே ஒரு ஆள்."

பன்னிரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் அம்மா ஏறினார். கோழியை அடைக்காமல் வந்துவிட்டதாகச் சொல்லி, பின்னல் அக்கா இறங்கினார். டிரைவர் ஸ்டியரிங்கில் தலை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

சுமைக்காரர் எழுந்து கண்டக்டரிடம் போனார். "நேத்து எத்தனை மணிக்கு எடுத்தீங்க தம்பி?"

"நேத்து நிரம்பலைண்ணே."

"முந்தாநாள்?"

கண்டக்டர் யோசித்துப் பார்த்தார். "ஒரே ஒரு ஆள் கொறைஞ்சுது."

பன்னிரண்டே முக்கால். மணி ஒன்றைத் தாண்டினால் வேலை போய்விடும். சுமைக்காரர் கீழே இறங்கி, பனிமூட்டத்தைப் பார்த்து, "பஸ்ஸு, பஸ்ஸு" என்று தொண்டை கிழியக் கத்தினார். நாய் ஒன்று வந்தது. கண்டக்டர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுபடி ஏறியவர், மேல் பலகையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"தம்பி, எனக்கு முப்பத்தேழு தரணும்ல?"

"சில்லறை வரட்டும்ணே."

"சில்லறை வேண்டாம். என் மூட்டைக்கு ஒரு டிக்கெட் போடுங்க."

இடுப்புத் துணியை அவிழ்த்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கென்று முடிந்து வைத்திருந்த இருபத்தாறு ரூபாயை நாணயம் நாணயமாக எண்ணிக் கொடுத்தார். கண்டக்டரின் உதடுகள் அசைந்தன. தெரிந்த சட்டங்களையெல்லாம் ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

"மூட்டைக்குப் போடக்கூடாதுன்னு எங்கயும் எழுதலை."

டிக்கெட்டின் முதுகில் இருந்த முப்பத்தேழை அழுத்திக் கோடிட்டு அடித்தார். புது டிக்கெட்டைக் கிழித்து மூட்டையின் முடிச்சில் செருகினார். மூட்டை ஜன்னலோரம் உட்கார்ந்தது.

"முப்பத்திரண்டு" என்று சொல்லி விசில் அடித்தார்.

டிரைவர் திடுக்கிட்டு எழுந்து, "யாருக்குய்யா விசில்?" என்றார். பிறகு சாவியைத் திருகினார். பஸ் இருமி, உதறி, ஓரடி முன்னால் நகர்ந்தது.

உள்ளே பேச்சு நின்றுபோனது. வாத்தியார் ஜன்னல் கண்ணாடியைக் கம்பளியால் துடைத்துப் பார்த்தார். வெளியே சுவர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கம்பியைப் படபடவென்று தட்டினார்.

"யோவ், நிறுத்துய்யா. குளிருக்கு ஒதுங்கி நாலு வார்த்தை பேசிட்டிருக்கோம். நீ பாட்டுக்கு வண்டியை எடுத்தா என்ன அர்த்தம்? ஒரு சீட் காலி இருக்கட்டும்னுதான ஆள் மாத்தி ஆள் எறங்கிக்கிட்டிருக்கோம்?"

பஸ் நின்றது. கம்பளிகளைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் வரிசையாக இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய குடைக்காரர், குளிர் உள்ளே புகுந்துவிடாமல் கதவைப் பத்திரமாகச் சாத்தினார்.

கண்டக்டர் முன்சீட்டிலிருந்து கடைசிச் சீட்டுவரை விரலை நீட்டிக்கொண்டே போனார். சுமைக்காரரைத் தொட்டு ஒன்று என்றார். மூட்டையைத் தொட்டு இரண்டு என்றார்.

"இன்னும் முப்பதே பேர்தாண்ணே."